மாமாவின் காருக்கு விலை இறங்கிய கதை

கண்டியில் என் தாய்மாமன் வைத்திருந்த காரைப் பாழாக்கியது நான்தான். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. அதன் மேல் ஒரு கீறல்கூட என் கையால் போட்டதில்லை. ஆனாலும் பாழாக்கினேன். அவசரப்படாமல், ரசித்து ரசித்துப் பாழாக்கினேன். இதைச் சொல்லும்போது நான் குரலைத் தாழ்த்திக்கொள்ள வேண்டும் என்று சில உறவுக்காரர்கள் எதிர்பார்க்கிறார்கள். தாழ்த்துவதாக இல்லை.

மாமாவுக்கு டவுனில் அரிசிக் கடை. வீடு கட்டுகஸ்தோட்டை ரோட்டிலிருந்து மேட்டுக்கு ஏறும் ஒரு சின்னப் பாதையில் இருந்தது. அவரும் அத்தையும் மட்டும்தான், பிள்ளை குட்டி இல்லை. அப்பா செத்த பிறகு அம்மாவும் நானும் அங்கே போய்ச் சேர்ந்தோம். நான் படித்து முடித்துப் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் டீச்சரானதும் அந்த வீட்டிலிருந்துதான். மாமா எங்களுக்குச் சோறு போட்டார், அதை மறுக்கமாட்டேன். போட்ட சோற்றுக்கு அம்மாவிடம் எவ்வளவு வேலை வாங்கினார் என்பதை மறக்கவும்மாட்டேன்.

அந்தக் காலத்தில் தோட்டத்துத் துரைமார் சீமைக்குத் திரும்பும்போது காரை விற்றுவிட்டுப் போவார்கள். கப்பலுக்கு நாள் குறித்துவிட்ட மனிதனிடம் பேரம் பேசுவது சுலபம். மாமா அப்படி ஒரு காரை வாங்குவார், ஓரிரண்டு வருஷம் பொத்திப் பொத்தி வைத்திருப்பார், பிறகு வாங்கியதைவிடக் கூடுதலாக விற்பார். எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்பது அவருக்கு வேதவாக்கு. "கார்ல போறவன் முட்டாள். கார விக்கிறவன்தான் புத்திசாலி" என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். இரண்டு கார்களை அப்படி விற்றிருந்தார்.

மூன்றாவது கார் தெல்தோட்டைப் பக்கத்துத் துரை ஒருவரிடமிருந்து வந்தது. கரும்பச்சை நிறம், கித்தான் கூரை, பித்தளை விளக்குகள், உள்ளே செம்பழுப்புத் தோல் சீட்டு. அது வந்த கையோடு தேயிலை விலை விழுந்தது. ரப்பர் அதற்கு முன்பே படுத்துவிட்டது. தோட்டங்களில் ஆட்களை நிறுத்தினார்கள், கடைகளில் கடன் ஏறியது, கார் வாங்க ஒரு ஆள் இல்லை. வேறு யாராக இருந்தாலும் வந்த விலைக்குத் தள்ளிவிட்டிருப்பார்கள். மாமா அசையவில்லை. "காலம் திரும்பும். திரும்புற அன்னிக்கி மத்தவன் காரெல்லாம் கெழடாயிருக்கும், நம்ம காரு மட்டும் புதுசா நிக்கணும்" என்றார். அன்றைக்குப் பிடித்தது அந்த வீட்டுக்குச் சனி.

அந்தக் காரில் ஏறுவதற்கு முன் செருப்பைக் கழற்ற வேண்டும். வெற்றிலை போட்ட வாயோடு கிட்டவே வரக் கூடாது. தலையில் எண்ணெய் வைத்தவர்கள் பின்னால் சாயக் கூடாது. எண்ணெய் வைக்காத தலை எங்கள் ஜாதிஜனத்தில் எங்கே இருக்கிறது? அத்தை கோயிலுக்குப் போகும்போதெல்லாம் கழுத்தை நட்டமாக வைத்துக்கொண்டு போய்க் கழுத்து வலியோடு திரும்பி வருவாள். பலாமரத்தடியில் காரை நிறுத்த மாட்டார், காக்கை எச்சமும் பலாப்பாலும் வார்னிஷைத் தின்னும் என்பார். கூரையை ஒரு நாளும் மடிக்க மாட்டார், மடித்த இடத்தில் கித்தான் வெடிக்குமாம். மழையில் எடுக்கவே மாட்டார். கண்டியில் மழை இல்லாத நாளைப் பஞ்சாங்கத்தில்தான் தேட வேண்டும், ஆகவே கார் பெரும்பாலும் வீட்டில்தான் இருந்தது. அடைமழைக் காலத்தில் டயர் அழுந்திப் போகாமல் இருக்க நாலு பக்கமும் கட்டை கொடுத்துத் தூக்கி, மேலே படங்கு போட்டு மூடிவிடுவார். தூரப் பயணம் என்றால் ஓடிய மைலைக் காட்டும் மீட்டரின் வயரைக் கழற்றி விட்டுத்தான் புறப்படுவார். கார் நாவலப்பிட்டி வரை போய்வரும், மீட்டர் மட்டும் வீட்டு வாசலிலேயே நிற்கும். டிரைவரும் வைக்கவில்லை. "கூலிக்கு ஓட்டுறவன் கிளச்சையும் கூலிக்குத்தான் மிதிப்பான்" என்று தானே ஓட்டினார்.

ஓட்டியது அவர். துடைத்தது என் அம்மா. கார் வாசலில் வந்து நிற்கும்போது அம்மா வாளித் தண்ணீரோடு நிற்க வேண்டும். சக்கரத்துக் கம்பிகளை ஒவ்வொன்றாகத் துடைப்பாள். விளக்குகளைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ப்பாள். தோல் சீட்டுக்கு விரல் நுனியால் விளக்கெண்ணெய் தடவி, பழைய வேட்டித் துணியால் ஒற்றி எடுப்பாள். தேங்காய் எண்ணெய் என்றால் எலி வந்து கடிக்குமாம், அதற்காக விளக்கெண்ணெய். சீட்டுக்கு எண்ணெய் போடும்போது அவள் காரின் தரையில் முழங்கால் போட்டுத்தான் நிற்க வேண்டும், சீட்டில் உட்காரக் கூடாது.

காரணத்தை மாமா ஒளிக்கவில்லை. பழைய காரை நல்ல விலைக்கு வாங்குகிறவர்கள் கலியாணத்துக்கு வாடகைக்கு விடுகிறவர்கள்தான். "தாலியறுத்தவ ஏறி உக்காந்த காருன்னு தெரிஞ்சா எவன் மாலை போட்டு மாப்பிள்ளைய ஏத்துவான்? நீயே சொல்லு தங்கச்சி" என்று அம்மாவிடமே கேட்டார். அம்மா தலையை ஆட்டினாள். அன்றிரவு என்னிடம் மட்டும் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "என் கை பட்ட எடமெல்லாம் பளபளன்னு மின்னுது. குண்டி பட்டாத்தான் தீட்டாம்." எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வயதிலேயே எனக்கு அடக்கம் போதாது என்று அத்தை சொல்வதுண்டு.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள் அம்மாவுக்கு வயிற்று வலி தொடங்கியது. சீரகம் கொதிக்க வைத்துக் கொடுத்தோம், கைமருந்து செய்தோம். வலி இறங்கவில்லை, வாந்தியும் காய்ச்சலும் சேர்ந்துகொண்டன. ரோட்டோரம் டிஸ்பென்சரி வைத்திருந்த யாழ்ப்பாணத்து ஐயாவைக் கூட்டிவந்தேன். அவர் வயிற்றில் கை வைத்ததும் அம்மா அலறினாள். "இது இஞ்ச வைச்சுப் பாக்கிற வருத்தமில்லை பிள்ளை. உடன ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ. வாசல்ல கார் நிக்குதெல்லே, பிந்தாதேங்கோ" என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைப் பார்க்கப் போனார்.

மாமா அப்போதுதான் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திருந்தார். கார் கட்டைமேல் ஏறிப் படங்குக்குள் இருந்தது.

"மாமா, படங்க எடுக்கட்டுமா?" என்று கேட்டேன்.

அவர் சன்னலுக்கு வெளியே பார்த்தார். பிறகு அம்மாவின் பக்கத்திலிருந்த வாந்திச் சட்டியைப் பார்த்தார். "கட்டையிலேருந்து எறக்கணும், சுத்திக் கிளப்பணும், மழையில அது சட்டுன்னு கிளம்பாது புள்ள. நான் ரிக்ஷாவுக்கு ஆளனுப்புறேன். வாந்தி ஒருதடவ தோலுக்குள்ள எறங்கிடுச்சின்னா அந்த வாடை சென்மத்துக்கும் போகாது."

"மாமா, அம்மாவால உக்காரவே முடியல."

"ரிக்ஷாவுல சாஞ்சிக்கலாம்" என்றார்.

உள்ளே போய் அத்தையிடம் தாழ்ந்த குரலில் சொன்னதும் எனக்குக் கேட்டது. "வழியில ஏதாச்சும் ஆயிட்டா? பொணம் ஏறின கார எவன் வாங்குவான்?" நடுவில் பலகைச் சுவர்தான். அம்மாவுக்கும் கேட்டது. அவள் என் கையைப் பிடித்து, "விடுடி. ரிக்ஷாவே போதும். சீட்டு பாழாப் போயிரும், போன வாரந்தான் எண்ணெய் போட்டேன்" என்றாள். மாமா சொன்னதையாவது ஒரு காலத்தில் மன்னித்திருப்பேனோ என்னவோ. அம்மாவின் வாயால் அதைச் சொல்ல வைத்தாரே, அதற்கு மன்னிப்பே கிடையாது.

ரிக்ஷா வந்து சேர வெகுநேரம் ஆயிற்று. மழைக்காக ரிக்ஷாவின் முன்பக்கம் தொங்கவிட்டிருந்த துணி நனைந்து அம்மாவின் மேல் ஒட்டிக்கொண்டது. இழுத்தவர் தன்னால் முடிந்த மட்டும் ஓடினார், மேட்டில் நான் பின்னாலிருந்து தள்ளினேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் இறக்கி வைத்தோம். கட்டில் ஒன்று காலியாகும் முன்பே அம்மா போய்விட்டாள். "கொஞ்சம் வெள்ளென கொண்டாந்திருக்கக் கூடாதா?" என்று அங்கிருந்த ஒரு நர்ஸ் கேட்டார்.

மாமா குடை பிடித்துக்கொண்டு நடந்தே வந்தார். ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும், தங்கைக்கு எடுக்காத காரை அவர் தனக்கும் எடுக்கவில்லை. வாயிலடித்துக்கொண்டு அழுதார். அந்த அழுகை பொய்யில்லை, அதனால்தான் எனக்கு இன்னும் ஆத்திரம். மழையென்று சொல்லி உடம்பை வீட்டுக்குக் கொண்டுவராமல் ஆஸ்பத்திரியிலிருந்தே மஹியாவை மயானத்துக்கு எடுத்தார்கள். அம்மா எப்படி ஆஸ்பத்திரிக்குப் போனாள் என்று ஊரில் யாரும் விசாரிக்கவில்லை. வீட்டில் கார் இருக்கும்போது அந்தக் கேள்வி யாருக்கும் தோன்றாது.

அம்மா போனதும் காருக்கு எண்ணெய் தடவும் வேலையை அத்தை என்னிடம் தள்ளப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தைக் காட்டித் தப்பித்துக்கொண்டேன். அதன் பிறகு மாமா தானே முழங்கால் போட்டுத் துடைத்தார். நான் கதவு நிலையில் சாய்ந்து நின்று பார்ப்பேன். அவரை என்ன செய்வது என்று அப்போது எனக்குத் தெரியாது, ஏதாவது செய்யாமல் விடப்போவதில்லை என்பது மட்டும் தெரியும்.

அடுத்த தை பிறந்ததும் வியாபாரம் கொஞ்சம் தலைதூக்கியது. நாவலப்பிட்டியிலிருந்து ஒருவர் காரைப் பார்க்க வந்தார். தோட்டத்துக் கங்காணிமார் வீட்டுக் கலியாணங்களுக்கு வாடகைக்கு விடுவதுதான் அவர் தொழில். நகத்தால் வார்னிஷைத் தட்டிப் பார்த்தார், குனிந்து அடியில் பார்த்தார், சீட்டில் மூக்கை வைத்து மோந்தும் பார்த்தார். "துரை வீட்லேருந்து நேத்து வந்த மாதிரியில்ல இருக்கு!" என்றார். மாமாவுக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. விலை படிந்துவிட்டது. அத்தை வெற்றிலைத் தட்டை முன்னறையில் கொண்டு வைத்தாள், அச்சாரம் கை மாறுவதுதான் பாக்கி. அப்போது வந்தவர் தொண்டையைக் கனைத்தார்.

"கொறையா நெனைக்காதீங்க மொதலாளி. கலியாணத்துக்கு ஓட்டப்போற வண்டி. போன வருசம் இந்த வீட்ல ஒரு சாவு நடந்துச்சின்னு கேள்விப்பட்டேன். துட்டி ஏதும் இதுல ஏறலியே?"

"சேச்சே! என்ன பேச்சு இது" என்றார் மாமா.

"நீங்க சொன்னா சரிதான். ஆனா நாங்க விக்கிறவர்கிட்டக் கேட்டு முடிவு பண்றதில்லைங்க. எங்கப்பா காலத்துலேருந்து பழக்கம். மாடு வாங்கினாலும் அதுல பால் கறக்கிற பொம்பளைய ஒரு வார்த்த கேட்டுட்டுத்தான் கயித்தப் புடிப்போம். பொம்பளைங்க மறைக்க மாட்டாங்க."

மாமா பெரிதாகச் சிரித்தார். அத்தை பக்கத்திலேயேதான் நின்றாள், அவளைக் கேட்கச் சொல்லியிருக்கலாம். ஆனால் நாலெழுத்துப் படித்தவளின் வாக்குக்கு மதிப்புக் கூடுதல் என்று நினைத்துவிட்டார். "புள்ள, இங்க வா" என்று என்னை உள்ளேயிருந்து கூப்பிட்டார். "எங்க மருமக. டீச்சரு. செத்துப்போனது இதோட அம்மாதான். பொய் சொல்லத் தெரியாத புள்ள, நீங்களே கேளுங்க." அவர் பயமில்லாமல் கூப்பிட்டதற்குக் காரணம் உண்டு. உண்மை அவர் பக்கம் இருந்தது. அந்தக் காரில் பிணம் ஏறவில்லைதான். என் அம்மா உயிரோடும் ஏறவில்லை, செத்தும் ஏறவில்லை.

வந்தவர் என்னைக் கேட்டார். நான் அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்.

"எங்கம்மா உயிர் இந்தக் கார்லதாங்க போச்சு. பின்சீட்டுல, என் மடியில. மாமாதான் ஓட்டிக்கிட்டுப் போனாரு."

மாமா வாயைத் திறந்தார். திறந்தபடியே இருந்தார். பொய் என்று கத்தினால் அடுத்த கேள்வி என்ன வரும் என்று அவருக்குத் தெரியும். வாசலில் கார் நிற்க, கூடப்பிறந்தவள் பின்னே எதில் போனாள்? திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்? அவர் கழுத்து நரம்பு துடிப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அவ்வளவு சந்தோஷம் என் வாழ்க்கையில் அதற்கு முன் நான் அனுபவித்ததில்லை.

அது நிலைக்கவில்லை. நாவலப்பிட்டிக்காரர் பணப்பையை மடியில் செருகிக்கொண்டு எழுந்தார். போய்விடுவார் என்று பார்த்தால் மாமாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது.

"இப்படிப் பொத்தி வச்சிருக்கிற வண்டி. சாகக் கெடக்கிறவள ஏத்தினா இதோட வெல என்னாகும்னு உங்களுக்குத் தெரியாதா? தெரிஞ்சும் ஏத்தியிருக்கீங்களே. எனக்குக் காரு வேணாங்க. ஆனா உங்கள மாதிரி ஒரு அண்ணன நான் பாத்ததில்ல."

மாமா அவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். திறந்திருந்த வாய் மெதுவாக மூடி, வேறு விதமாகத் திறந்தது. "கூடப் பொறந்தவ இல்லைங்களா" என்றார். குரல் தழுதழுத்தது. "அவளுக்கு முன்னால காராவது கழுதையாவது."

ஒரே மூச்சில் அவர் என் பொய்யைப் பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

நாவலப்பிட்டிக்காரர் அந்தக் கதையை ரயிலில் கொண்டு போனார். அது ஊரெல்லாம் சுற்றி, கை கால் முளைத்துக் கண்டிக்கே திரும்பி வந்தது. தங்கைக்காக விலை போகிற காரையே பலி கொடுத்த அண்ணன் என்று கடையில் வந்து கைகூப்பினார்கள். மாமாவும் சளைக்காமல் சொன்னார், மழையையும் இடியையும் சேர்த்துச் சொன்னார். அந்த வருஷத் திருவிழாவில் கோயிலில் அவருக்குப் பரிவட்டம் கட்டினார்கள். கூட்டத்தில் நின்று அதைப் பார்த்தேன். என் அம்மாவின் சாவை எடுத்து அவர் தலையில் நானே கட்டிவிட்டேனே என்று வயிறு எரிந்தது. வீட்டுக்கு வந்து, உண்மையைப் போட்டு உடைக்கப்போகிறேன் என்று அத்தையிடம் கத்தினேன். அவள் அரிசி பொறுக்குவதை நிறுத்தாமலே, "ஒடைச்சிக்க. எவ நம்புவா? மொதல்ல சொன்னதே நீதானேடி" என்றாள். மாமா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. என்னைக் கண்டால் புன்சிரிப்பு வேறு. அந்தப் புன்சிரிப்புக்காகவே அவரை விடக் கூடாது என்று இருந்தேன்.

வழி தானாக வந்தது. ஒரு நாள் காலை, நல்ல மழை. என்னிடம் படித்த பிள்ளை ஒருத்தியின் தாய் ஓடிவந்து முற்றத்தில் நின்றாள். அவளுடைய மூத்த மகள் பிரசவ வலி கண்டு முதல் நாளிலிருந்து தவிக்கிறாளாம், மருத்துவச்சி கையை விரித்துவிட்டாளாம். தலையிலிருந்து தண்ணீர் வழிய வழிய மாமாவைக் கும்பிட்டாள்.

"தங்கச்சிக்கு ஓடின காரு, எம்மகளுக்கும் ஓடாதாங்க மொதலாளி?"

அவள் பின்னால் அக்கம்பக்கத்து ஆட்கள் நாலைந்து பேர் குடையும் சாக்குமாக நின்றார்கள். எல்லோரும் மாமாவின் முகத்தைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். முடியாது என்ற சொல் அவர் உதடு வரை வந்ததை நான் கண்டேன். அதை அவர் விழுங்கியதையும் கண்டேன். புலி வாலைப் பிடித்தவர் இனி விடவா முடியும்?

"நான் படங்க எடுக்கிறேன் மாமா" என்றேன்.

அவள் வீட்டுக்குப் போய் மகளைப் பின்சீட்டில் படுக்கவைத்து, நான் கூடவே ஏறிக்கொண்டேன். செருப்பைக் கழற்றவில்லை. பாதி வழியில் பனிக்குடம் உடைந்தது. செம்பழுப்புத் தோலில் அது பரவி, தையலுக்குள் இறங்குவதைப் பார்த்தேன். மாமா திரும்பிப் பார்க்கவே இல்லை, ஆனால் அவர் பிடரி வியர்த்தது. அவள் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பெற்றாள், தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். மாமா அன்று சாயங்காலம் இருட்டும் வரை சீட்டைத் துடைத்தார். எங்கே அடித்தால் வலிக்கும் என்று எனக்கு அன்றைக்குத் தெரிந்துவிட்டது.

மறுநாளிலிருந்து வேலையைத் தொடங்கினேன். வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையிடமும் சொன்னேன்: வீட்டில் யாருக்காவது கடுமையாக முடியாமல் போனால் எங்கள் மாமாவிடம் ஓடிவரச் சொல், கூச்சப்பட வேண்டாம், அவர் மறுக்கவே மாட்டார். கோயிலில் சொன்னேன், சந்தையில் சொன்னேன், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவளிடமும் சொன்னேன். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும். வரத் தொடங்கினார்கள்.

மடவளையிலிருந்து ஒரு துணி வியாபாரி வந்தார். "மொதலாளி, எங்கட உம்மாவுக்கு ஏலாமப் போச்சு. அல்லாவுக்காகக் கொஞ்சம் வாங்களே" என்றார். தெல்தோட்டையில் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயங்களிலிருந்து நோயாளிகளைக் கம்பளியில் கட்டித் தூக்கிவந்து ரோட்டில் காத்திருந்தார்கள், அந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் காரின் ஸ்பிரிங் வில்லெல்லாம் தளர்ந்தன. விஷம் தீண்டியவர்கள், மரத்திலிருந்து விழுந்தவர்கள், வயிற்றுப்போக்கில் துவண்ட பிள்ளைகள் எல்லோரும் வந்தார்கள். துணைக்கு வந்தவர்கள் படிப்பலகையில் தொற்றிக்கொண்டதில் அது ஒரு பக்கம் பிளந்தது. யாரோ அவசரத்தில் குடையை மடக்கி ஏறும்போது கித்தான் கிழிந்தது. கட்டுகஸ்தோட்டைப் பாலத்தருகே மாட்டுவண்டிக்கு ஒதுங்கப்போய் மட்கார்ட் நசுங்கியது. பேராதனை ரோட்டில் ஒரு பையன் பின்சீட்டிலேயே பிறந்தான். எத்தனை விளக்கெண்ணெய் போட்டாலும் வாடை போகவில்லை. மைல் மீட்டரின் வயரைக் கழற்றுவதையும் மாமா விட்டுவிட்டார்.

அவர் தப்பிக்கப் பார்க்காமலில்லை. பெட்ரோல் இல்லை என்பார், கோயில் ஆட்கள் பெட்ரோலுக்குத் தாங்கள் பொறுப்பு என்று வந்து நிற்பார்கள். தனக்கே காய்ச்சல் என்று போர்த்திக்கொண்டு படுப்பார். "காய்ச்சலோட போனாருன்னா ஊரு இன்னும் நல்லாப் பேசும்" என்று நான் வந்தவர்கள் காதில் விழும்படி அத்தையிடம் சொல்வேன். எழுந்து வருவார்.

பின்சீட்டில் சிலர் இறந்தும் போனார்கள். நான் சொன்ன பொய் அப்படி மெய்யானது. செத்தவர்களுக்காக அழுதேன், வண்டியை ஓட்டியவருக்காக அழவில்லை.

செய்யச் செய்ய மாமாவின் மனம் மாறியிருக்கும், கடைசியில் அவர் மெய்யாகவே நல்லவராகியிருப்பார் என்று இந்தக் கதையைக் கேட்கிறவர்கள் ஆசையோடு என்னைப் பார்க்கிறார்கள். ஆகவில்லை. நல்லது செய்தால் நல்லவனாகிவிடலாம் என்று சொல்கிறவர்கள் என் மாமாவைப் பார்த்ததில்லை. ஒவ்வொரு முறையும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் ஓட்டினார். பிழைத்தவர்கள் அவர் காலில் விழும்போதும் அவர் கண் சீட்டில்தான் இருக்கும். எத்தனையோ பேர் அந்தக் காரால் பிழைத்தார்கள், அதில் எனக்குச் சந்தோஷம். ஆனால் புண்ணியத்துக்காக நான் அதைச் செய்தேன் என்று யாரும் சொல்ல வேண்டாம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் கடைசியில், ஒரு முறை தெல்தோட்டையிலிருந்து இறங்கி வரும்போது எஞ்சின் நின்றது. மாடு கட்டி இழுத்துத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். நல்ல காலம் திரும்பியிருந்தது, பழைய கார்களுக்குக்கூட நல்ல கிராக்கி. ஆள் மேல் ஆளாக வந்து பார்த்தார்கள். கதவைத் திறந்ததுமே மூக்கைப் பொத்திக்கொண்டு போனார்கள். கடைசியாகப் பழைய இரும்பு எடுக்கிற ஒருவர் வந்தார். சுற்றிப் பார்த்தார், பித்தளை விளக்குகளை மட்டும் தட்டிப் பார்த்தார், அதற்கு மட்டும் ஒரு விலை சொன்னார். மற்றதை இழுத்துப்போக வண்டிக்கூலி மாமாதான் தர வேண்டும் என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று மாமா அவரை அனுப்பிவைத்தார்.

நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து முற்றத்தில் ஏறினேன். மாமா காரின் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அதன் பக்கத்தில் நின்றார். தோல் கறுத்து, வெடித்து, உள்ளேயிருந்த நார் வெளியே தெரிந்தது. அத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் அவர் என்னிடம் நேராகக் கேட்டார்.

"ஊரையே ஏத்திட்ட. இப்ப உனக்கு மனசு குளுந்துச்சா?"

"இல்ல மாமா" என்றேன். "எங்கம்மா இன்னும் ஏறல."